ஈட்டியில ஒரு தலை, தொப்பியில ரெண்டு வரி: 1795 பாரிஸ் என்கிரேவிங் ஒன்னோட பின்னணி

பிரெஞ்சுப் புரட்சி பத்தி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நடுவுல சில கறுப்பு வெள்ளைப் படங்கள் வரும், நாம ஒரு நொடி பாத்துட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அதுல ஒரு படத்தை எடுத்து இன்னிக்கு நிதானமா பேசலாம்னு இருக்கேன். பெரிய ஹால், உயரமான ஒரு மேடை, அதுல அவைத்தலைவர் நாற்காலி. ஹால் முழுக்க ஜனம், ஈட்டிங்க, அடிதடி. ஒரு ஈட்டி முனையில வெட்டுன தலை ஒன்னு இருக்கு, அதைத் தூக்கி நாற்காலியில இருக்கறவர் முகத்துக்கு நேரா நீட்டுறாங்க. அவரு எழுந்து ஓடல.

படத்தோட தலைப்பை தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "மூணாம் ஆண்டு பிரேரியால் முதல் நாள், மக்கள் பிரதிநிதி ஃபெரோ தேசிய கன்வென்ஷன்ல கொலை செய்யப்பட்டது". கன்வென்ஷன்ங்கிறது அப்ப பிரான்ஸை ஆண்ட மக்கள் பிரதிநிதிங்க சபை. பிரேரியால்ங்கிறது புரட்சிக்காரங்க புதுசா போட்ட காலண்டர்ல ஒரு மாசம், நம்ம கணக்குக்கு அந்த நாள் 1795 மே 20. வரைஞ்சவர் ஷார்ல் மொனே (எல்லாருக்கும் தெரிஞ்ச அல்லிப்பூ மோனே இல்ல, அவருக்கு ஒரு நூறு வருஷம் முன்னாடி ஆளு), செப்புத்தகட்டுல செதுக்கினவர் ஹெல்மான். புரட்சியோட முக்கிய நாட்கள்னு 15 படம் கொண்ட ஒரு வரிசை போட்டாங்க, அதுல இது ஒன்னு. 1789ல மூணு வகுப்பு மன்றம் கூடுனது, டென்னிஸ் மைதானத்து சபதம், 1792 ஆகஸ்ட் 10ல அரண்மனை மேல நடந்த தாக்குதல், 1793 ஜனவரி 21ல ராஜா பதினாறாம் லூயியோட தலையை எடுத்தது, இதெல்லாம் அதே வரிசைதான். கில்லட்டின் மேடையில ராஜா தலையைத் தூக்கிக் காட்டுற மாதிரி நீங்க ஒரு பழைய படம் பாத்திருந்தா அது பெரும்பாலும் இவங்க ரெண்டு பேரு போட்டதாத்தான் இருக்கும்.

இவங்க தெருவுல கோஷம் போட்டுட்டு வந்து வரைஞ்ச ஆளுங்க இல்லங்கிறதை முதல்ல மனசுல வச்சுக்கணும். மொனே ராஜாவோட ஓவியர்னு பட்டம் வாங்கினவர். ஹெல்மான் லில் நகரத்துக்காரர், புரட்சிக்கு முன்னாடி பெரிய இடத்துப் பிரபுக்களுக்கு வேலை பாத்தவர், சீனப் பேரரசர் கியான்லொங்கோட போர் வெற்றிகளைக் காட்டுற பெரிய செப்புத்தகட்டுப் படங்கள் பாரிஸ்ல தயாராச்சு இல்லையா, அதையெல்லாம் சின்ன சைஸ்ல மறுபடி செதுக்கி வித்ததும் இதே ஹெல்மான்தான். கூட்டத்தை, குதிரையை, புகையை, ஆயிரம் தலையை ஒரே தகட்டுல அடக்குற கை அவருக்கு ஏற்கனவே பழகிப்போயிருந்துச்சு. சீனத்துப் போருக்குப் பழகின கைதான் பாரிஸ் கலவரத்துக்கும் வந்துச்சு.

அடுத்தது தொழில்நுட்பம், இது தெரியாம இந்தப் படங்களைப் பாத்தா ஏமாந்து போவோம். செப்புத்தகட்டு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி அதுல ஊசியால கோடு கீறுவாங்க, ஆசிட்ல போட்டா கீறின இடத்துல மட்டும் செம்பு அரிக்கும், அதுக்கப்புறம் கூரான உளி ஒன்னால ஒவ்வொரு கோட்டையும் ஆழமாக்கி, நிழல் வேணுங்கிற இடத்துல குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டு முடிப்பாங்க. மை தடவி மேலாக துடைச்சா மை பள்ளத்துல மட்டும் நிக்கும், ஈரப் பேப்பர் வச்சு உருளையில அழுத்தினா படம் பேப்பருக்கு வரும். வரும்போது இடம் வலம் மாறி வரும். அதனால செதுக்கறவர் கண்ணாடியில பாக்குற மாதிரி தலைகீழா யோசிச்சு செதுக்கணும், சில பேரு அந்தச் சிரமம் படாம அப்படியே செதுக்கிடுவாங்க, அப்ப வலதுகைக்காரன் இடதுகைக்காரனா ஆயிடுவான். படத்துக்குக் கீழ ஓரத்துல ரெண்டு பேரோட பேர் பொடி எழுத்துல இருக்கும், வழக்கமா இடது பக்கம் வரைஞ்சவர், வலது பக்கம் செதுக்கினவர்.

இத்தனை ஆளுங்களும் சாமானும் இருக்கற ஒரு தகடு ஒரு வாரத்துல முடியாது, மாசக்கணக்குல ஆகும். 1792 ஆகஸ்ட் 10 படம் 1793லதான் வந்துச்சு, ராஜா மரண தண்டனைப் படம் 1794ல. அதனால "இந்த நாள்"னு தலைப்பு இருந்தாலும் அது நிருபர் எடுத்த போட்டோ மாதிரி இல்ல. நடந்து முடிஞ்சு, யாரு ஜெயிச்சா யாரு தோத்தான்னு தெளிவான பிறகு, ஜெயிச்சவங்க ஆட்சியில, காசு குடுத்து வாங்கற வசதி உள்ளவங்க வீட்டுச் சுவத்துக்காக செஞ்சது. என் கண்ணுக்கு இந்தப் படத்துல முக்கியமான சங்கதி இதுதான், மத்ததெல்லாம் இதுக்குப் பிறகு.

சரி, அந்த ஜனம் எதுக்கு உள்ள வந்துச்சு?

ஆயிரக்கணக்கான பேரைக் கில்லட்டினுக்கு அனுப்பின ஆட்சியோட முக்கியத் தலைவர் ரோபெஸ்பியர், 1794 ஜூலை கடைசியில அவரையும் கவுத்து கில்லட்டினுக்கு அனுப்பியாச்சு. பயங்கர ஆட்சி முடிஞ்சதுன்னு நிறைய பேரு மூச்சு விட்டாங்க, அது நியாயம்தான். ஆனா அந்த ஆட்சியில ஏழைங்களுக்கு ஒரு பிடிமானம் இருந்துச்சு: அத்தியாவசியப் பொருளுக்கு உச்சவிலைச் சட்டம். மாக்ஸிமம்னு பேரு. ரோபெஸ்பியர் போன அஞ்சு மாசத்துல, 1794 டிசம்பர் 24ல, அந்தச் சட்டத்தை எடுத்துட்டாங்க. வியாபாரம் சுதந்திரமா நடந்தா தானியம் தானா சந்தைக்கு வரும்னு கணக்கு. வந்த நேரம் பாருங்க, அந்தக் குளிர்காலம் ஜனங்க மறக்க முடியாத கடுமை, சென் நதியே உறைஞ்சு போச்சு, படகு வரல, விறகு வரல, மாவு வரல. அதுக்கு முந்தின அறுவடையும் சுமார். அரசாங்கம் அடிச்சுத் தள்ளுன காகிதப் பணம் அசிஞா, அதோட மதிப்பு வசந்த காலத்துக்குள்ள முகமதிப்புல பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடுச்சு. விவசாயி அந்தக் காகிதத்தை வாங்க மாட்டேங்கிறான், வெள்ளிக்காசு கேக்கறான், கூலிக்காரன் கையில காகிதம்தான் இருக்கு.

பாரிஸ்ல ரொட்டி ரேஷன். காலையில இருட்டோட எழுந்து பெண்கள் பேக்கரி வாசல்ல வரிசையில நிப்பாங்க, மணிக்கணக்கா நின்னா ஆளுக்கு கால் பவுண்டு, மே மாசத்துல சில நாள் சில இடத்துல ரெண்டு அவுன்ஸ்னு ஆயிடுச்சு. ரெண்டு அவுன்ஸ்னா அறுபது கிராம் சொச்சம். நம்ம ஊரு டீக்கடை பன்னு ஒன்னோட எடை கூட வராது. ரொட்டிதான் அங்க சோறு, தொட்டுக்கற பொருள் இல்ல, ஒரு கூலிக்காரக் குடும்பம் சம்பாத்தியத்துல பாதியை ரொட்டிக்கே குடுத்த ஊரு அது. குழந்தைங்களோட நதியில குதிச்ச தாய்மாரைப் பத்தி அந்த மாசத்து போலீஸ் குறிப்புகள்ல வருது. இன்னொரு பக்கம் ஹோட்டல், நாடகம், விருந்து, பகட்டா டிரஸ் பண்ண பணக்கார வீட்டுப் பையன்கள் தடியோட தெருவுல நடந்து பழைய புரட்சிக்காரங்களை அடிக்கறது. காசு இருந்தா வெள்ளை ரொட்டி எப்பவும் கிடைச்சுச்சு. பஞ்சத்தை விட அந்தக் காட்சிதான் ஜனத்தை அதிகமா சுட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 1ல (அவங்க காலண்டர்ல ஜெர்மினால் 12) ஒரு தடவை கூட்டம் கன்வென்ஷனுக்குள்ள புகுந்து ரொட்டி கேட்டுச்சு, வெறும் கையோட வந்து வெறும் கையோட திரும்பிடுச்சு. உணவு விநியோகம் பத்தி அவையில வந்து வந்து எல்லாம் சரியாகும்னு அறிக்கை வாசிச்சவர் ஒருத்தர் இருந்தாரு, புவாஸி தாங்லா, தெற்குல ஆர்தேஷ் பகுதியைச் சேர்ந்த வக்கீல். பாரிஸ் ஜனம் அவருக்கு வச்ச பேரு "பஞ்ச புவாஸி". நாற்காலியில உக்காந்திருக்கறவர்னு ஆரம்பத்துல சொன்னேனே, அவரேதான்.

இப்ப மே 20க்கு வருவோம். விடியகாலையிலேயே கிழக்குப் பக்கம் சேன்-அந்துவான் புறநகர்ல, தச்சங்க, பூட்டு ரிப்பேர் பண்றவங்க, நெசவாளிங்க வாழுற ஏரியா அது, அபாய மணி அடிக்க ஆரம்பிச்சுது. முந்தின நாளே ஒரு துண்டுப் பிரசுரம் கை மாறிடுச்சு, ரொட்டி கிடைக்கவும் உரிமையை மீட்கவும் மக்கள் எழுச்சின்னு. முதல்ல கிளம்பினது பெண்கள். வழியில கடை, பட்டறை, வீடுன்னு நுழைஞ்சு மத்த பெண்களையும் கூட்டிட்டுப் போனாங்க. தொப்பியில, சட்டையில ரெண்டே கோரிக்கை எழுதி மாட்டியிருந்தாங்க: ரொட்டி, 1793 அரசியல் சட்டம்.

ரெண்டாவது கோரிக்கையைக் கொஞ்சம் விளக்கணும். 1793ல எழுதின அந்த அரசியல் சட்டம் வளர்ந்த ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு குடுத்துச்சு, கதியில்லாதவங்களுக்கு உதவி பண்றது சமூகத்தோட கடன்னு சொல்லுச்சு, அரசாங்கம் மக்கள் உரிமையை மீறினா எழுச்சி பண்றது உரிமை மட்டுமில்ல கடமையும் கூடன்னு 35வது பிரிவுல எழுதியே வச்சுது. மக்கள் ஓட்டுப் போட்டு ஏத்துக்கிட்டாங்க. ஆனா போர் முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கிறோம்னு அதே வருஷம் அக்டோபர்ல பெட்டியில வச்சுப் பூட்டினவங்க திரும்ப எடுக்கவே இல்ல. ஆக தெருவுக்கு வந்தவங்க கேட்டது புதுசா எதுவும் இல்ல, ஏற்கனவே குடுக்கறோம்னு கையெழுத்துப் போட்டதைக் கேட்டாங்க.

கன்வென்ஷன் அப்ப துய்லரி அரண்மனைக்குள்ள, பழைய நாடக அரங்கு இருந்த இடத்துல கூடிட்டிருந்துச்சு. நீளமான ஹால், ஒரு பக்கம் உறுப்பினருங்க படிக்கட்டு வரிசை, எதிர்ல உயரத்துல தலைவர் மேடை, ரெண்டு கோடியிலயும் பொதுஜனம் உக்காந்து பாக்க மாடம், ஆயிரத்துக்கும் மேல ஆளு பிடிக்கும். பெண்கள் முதல்ல அந்த மாடத்துக்குத்தான் வந்தாங்க, ரொட்டி ரொட்டின்னு கத்தினாங்க, அவங்களை சாட்டையால அடிச்சு வெளிய தள்ளினாங்க. படம் இந்த இடத்திலேருந்து ஆரம்பிச்சிருக்கலாம். சாட்டையடியை யாரும் செம்புல செதுக்கல.

மதியத்துக்கு மேல கதவை உடைச்சுட்டு ஆம்பளைங்களும் துப்பாக்கி, ஈட்டியோட உள்ள வந்தாங்க. பிரனீஸ் மலைப்பக்கத்துலேருந்து வந்த உறுப்பினர் ஃபெரோ, வாசல்ல குறுக்க நின்னு தடுக்கப் பாத்தாரு. தள்ளுமுள்ளுல துப்பாக்கி வெடிச்சு அவருக்குக் குண்டு பட்டுச்சு, வெளிய இழுத்துட்டுப் போயி தலையை வெட்டி ஈட்டியில குத்தித் திரும்ப உள்ள கொண்டு வந்தாங்க. பணக்காரப் பையன்களோட தலைவன் ஃப்ரெரோன்னு தப்பா நினைச்சுக் கொன்னுட்டாங்கன்னு பேரு குழப்பக் கதை ஒன்னும் அப்ப ஓடுச்சு. எப்படியானாலும் அது கொடூரமான சாவு, பசிங்கிற காரணத்தைச் சொல்லி அதை லேசாக்க எனக்கு மனசு வராது. அந்தத் தலையை புவாஸி முகத்துக்கு நேரா நீட்டினப்ப அவர் எழுந்து தலை வணங்கினாருன்னு சொல்றாங்க. மணிக்கணக்கா துப்பாக்கி முனையில அந்த நாற்காலியை விட்டு நகராம இருந்தாரு. அந்த தைரியத்தையும் மறுக்கறதுக்கில்ல.

படம் அங்க நின்னுடுது. நாள் நிக்கல.

ராத்திரி ஹால்ல நெரிசலுக்கு நடுவுல சில உறுப்பினருங்க, மலைக்கட்சின்னு பேரு வாங்கின இடதுசாரிங்க, எழுந்து தீர்மானம் கொண்டு வந்தாங்க. ஜில்பேர் ரோம், கூஜோன், சூப்ரானி, துய்கெனுவா, துருவா, பூர்போத். கைதான புரட்சிக்காரங்களை விடணும், பணக்காரனுக்கு வெள்ளை ரொட்டி ஏழைக்கு கறுப்பு ரொட்டின்னு இல்லாம எல்லாருக்கும் ஒரே ரொட்டி சுடணும், அந்த மாதிரி. கூட்டத்தோட கோரிக்கையை சட்டமாக்கிட்டா கூட்டம் கலைஞ்சு போகும்னு நினைச்சாங்களா, இல்ல மனசார நம்பினாங்களா, ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும். நடுராத்திரி நெருங்கும்போது மேற்குப் பக்கத்து வசதியான ஏரியாக்களோட தேசியப் படை (ராணுவம் இல்ல, ஊர்க்காரங்களே சேர்ந்த காவல் படை) துப்பாக்கிக் கத்தியோட வந்து ஹாலைக் காலி பண்ணிடுச்சு. தீர்மானம் கொண்டு வந்தவங்களை அந்த ராத்திரியே கைது பண்ணிட்டாங்க.

மறுநாள் புறநகர்க்காரங்க பீரங்கியோட திரும்ப வந்தாங்க, பீரங்கி வாய் கன்வென்ஷனைப் பாத்து திரும்பியிருந்துச்சு, ஜெயிச்சிருக்கவே முடியும். பேச்சுவார்த்தை நடத்தினாங்க, தலைவர் அவங்க தூதுக்குழுவைக் கட்டிப்பிடிச்சாரு, வாக்குறுதி குடுத்தாங்க, நம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கடுத்த ரெண்டு நாள்ல ராணுவம் வந்துடுச்சு. மே 23ல சேன்-அந்துவானை சுத்தி வளைச்சு பட்டினி போட்டுடுவோம் குண்டு போட்டுடுவோம்னு சொன்னாங்க, புறநகர் ஆயுதத்தைக் கீழ போட்டுச்சு. 1789 ஆரம்பத்துக்கு அப்புறம் பாரிஸ் ஜனத்துக்கு எதிரா அரசாங்கம் ராணுவத்தை இறக்கினது அப்பதான்.

பெண்களுக்கு வந்த உத்தரவு தனி. பெண்கள் சங்கங்களை 1793லேயே தடை பண்ணியாச்சு, இப்ப கன்வென்ஷன் மாடத்துல துணைக்கு ஆம்பளை இல்லாம உக்காரக் கூடாது, தெருவுல அஞ்சு பேருக்கு மேல பெண்கள் கூடி நின்னா பலத்தால கலைச்சுக் கைது பண்ணலாம். பேக்கரி வரிசையிலதான் அந்தக் கோபமே உருவாச்சுன்னு அதிகாரத்துல இருந்தவங்களுக்கு நல்லா புரிஞ்சிருந்துச்சு.

ராணுவ நீதிமன்றம் 36 பேருக்கு மரண தண்டனை குடுத்துச்சு. அந்த ஆறு உறுப்பினருங்களை முதல்ல பிரித்தானி கடற்கரையில ஒரு கோட்டையில அடைச்சு, திரும்பக் கொண்டு வந்து விசாரிச்சு, ஜூன் 17ல தீர்ப்பு. தீர்ப்பு கேட்டு படிக்கட்டுல இறங்கும்போது மறைச்சு வச்சிருந்த கத்தியை எடுத்து ஒருத்தர் குத்திக்கிட்டு அடுத்தவர் கையில குடுத்து, அவர் குத்திக்கிட்டு அடுத்தவருக்கு. ரோம், கூஜோன், துய்கெனுவா அங்கேயே போயிட்டாங்க. உயிர் ஒட்டியிருந்த மூணு பேரையும் ரத்தத்தோட தூக்கிட்டுப் போயி கில்லட்டின்ல வச்சாங்க. புரட்சியில நடந்த எல்லா சாவுலயும் இதைப் படிக்கும்போதுதான் எனக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல.

அது முடிஞ்சு ஆறே நாள். ஜூன் 23. நாற்காலியில அசையாம உக்காந்திருந்த அதே புவாஸி தாங்லா மேடையேறி புது அரசியல் சட்டத்துக்கான நகலை அறிமுகம் பண்ணிப் பேசினாரு. சொத்து உள்ளவங்க ஆளுற நாடுதான் ஒழுங்கான சமூகம், சொத்தில்லாதவங்க ஆளுற நாடு காட்டு நிலைமைன்னு அந்தப் பேச்சோட சாரம். 1793 சட்டம் குப்பைக்குப் போச்சு. புதுச் சட்டத்துல ஓட்டுப் போட வரி கட்டியிருக்கணும், பிரதிநிதிங்களைத் தேர்ந்தெடுக்கற இடத்துக்கு வரணும்னா சொத்து இருக்கணும். எழுச்சி உரிமை போச்சு. உதவி பெறுற உரிமை போச்சு. ஒரு தலைக்கு வணக்கம் சொன்ன மனுஷன் தெருவுல நின்ன ஆயிரக்கணக்கான தலைக்கு ஓட்டு வேணாம்னு சொன்னாரு, ரெண்டும் அவருக்கு ஒரே நம்பிக்கையிலேருந்து வந்ததுதான்: சபை புனிதம், அதுக்குள்ள கூட்டம் வரக்கூடாது.

இப்ப திரும்ப அந்தத் தலைப்பைப் படிச்சுப் பாருங்க. "மக்கள் பிரதிநிதி ஃபெரோ கொலை செய்யப்பட்டது." அன்னிக்கு ஊரே கத்தின சொல் ரொட்டி, அந்தச் சொல் தலைப்புல இல்ல. கொலை நடந்தது உண்மை, படம் பொய் சொல்லல. ஆனா பதினெட்டு மணி நேரத்துக்கு மேல நீண்ட ஒரு நாள்ல எந்த நிமிஷத்தைச் செதுக்கறதுன்னு முடிவு பண்ணும்போதே, பசி எடுத்து வந்தவங்க எல்லாரும் கொலைகாரக் கூட்டமா மாறிடறாங்க. படத்தோட அமைப்பும் அதுக்கு ஒத்தாசை பண்ணுது: மேல ஒத்தை மனுஷன், அமைதி, ஒழுங்கு, கீழ முகம் தெரியாத கொந்தளிப்பு. நம்ம கண்ணு தானா மேல இருக்கறவர் பக்கம் போயிடும். அந்தப் பெண்கள் விடியகாலை நாலு மணிக்கு வரிசையில நின்னாங்கங்கிறது எந்தக் கோட்டுலயும் வராது.

அந்தத் தேர்வு நிலைச்சும் போச்சு. 35 வருஷம் கழிச்சு, 1830ல இன்னொரு புரட்சி நடந்து புது ராஜா வந்தப்ப, நாடாளுமன்ற ஹால்ல மாட்ட ஓவியம் வேணும்னு போட்டி வச்சாங்க. குடுத்த மூணு தலைப்புல ஒன்னு இந்தக் காட்சி, கூட்டத்துக்கு அஞ்சாத அவைத்தலைவர். பேர்பெற்ற ஓவியர் தெலக்ருவா கூட ஒரு படம் அனுப்பினாரு, இருட்டு, புகை, நெரிசல், மனுஷக் கடல் நடுவுல புவாஸி சின்னதா தெரிவாரு. அவர் தோத்துட்டாரு, ஜெயிச்சது வென்ஷோன்ங்கிறவர். தெலக்ருவா படம் இன்னிக்கு போர்தோ மியூசியத்துல இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தெலக்ருவாவோட கூட்டத்துக்கு உயிர் இருக்கும், ஹெல்மானோட கூட்டம் கச்சிதமா வரிசைக்கோடுகளா நிக்கும்.

ஹெல்மான் தகட்டுல இன்னொரு விஷயம், இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. தலைப்புல "மூணாம் ஆண்டு பிரேரியால் முதல் நாள்"னு தேதி போட்டிருக்காங்க இல்லையா, அந்தப் புதுக் காலண்டரை வடிவமைச்ச கமிட்டிக்குத் தலைமை தாங்கினவர் ஜில்பேர் ரோம். எல்லாருக்கும் ஒரே ரொட்டி கேட்டவர், படிக்கட்டுல குத்திக்கிட்டுச் செத்தவர். ஃபெரோ பேரு அங்க இருக்கு. ரோமோட பேரு இல்ல, அவர் போட்ட தேதி மட்டும் இருக்கு.